ஆதி கிறிஸ்தவரைப் புறத்தார் கண்ட வகை

ஒரு சமயத்தின் தொடக்கத்தை ஆராய்வார் அச்சமயத்தார் தாமே எழுதிவைத்தவற்றினும் புறத்தார் எழுதியவற்றைப் பெரிதும் விரும்புவர். தம்மைத் தாம் உயர்த்திக் கூறல் யார்க்கும் இயல்பாகலின், அயலார் சொல்லே நடுவுநிலை உடைத்தென்பது அவர் கருத்து. அக்கருத்து ஓராற்றான் மெய்யே. ஆயினும் அயலார் சொல்லுந் தனக்கெனச் சார்பும் அறியாமையும் வெகுளியும் உடையதாதல் கூடுமென்பதை அவர் மறந்துவிடுகின்றனர். கிறிஸ்து சமயம் தோன்றிய முதல் நான்கு நூற்றாண்டுகளில் உரோமரும் கிரேக்கருமாகிய கற்றோர் சிலர் அச்சமயத்தாரைக் குறித்து எழுதிய கடிதங்களும் சரிதங்களும் கண்டன நூல்களும் இதற்குத் தக்க சான்றாவன. அவற்றைத் துண்டு துண்டாக எடுத்தாள்வாரே பலராகலின், ஒருங்குவைத்து நோக்குதல் வேண்டுமென்னும் அவா எமக்கு நெடுநாளாக உண்டு.

அவ்வவாவிற்கு ஏதுவாயது எமது பிழையொன்று. மடத்திற் பாடங்கேட்டு வெளிவந்து ஆசிரியத் தொழிலில் அமர்ந்த புதிதில், ஓர் ஊரில் விழாவையொட்டி நிகழ்ந்த கூட்டத்திற் பேசினேம். செல்ஸஸ் என்னுங் கிரேக்க அறிஞன் கிறிஸ்தவரை இழித்துரைத்த சொற்கள் சிலவற்றை ஒரு சிறு புத்தகத்திலிருந்து எடுத்தோதினேம். அவையோர் கைகொட்டி நகைத்தனர். எமக்கும் பெருமிதமாகவே இருந்தது. கூட்டங் கலைந்தபின், கிறிஸ்தவராகிய முதியவரொருவர் எம்மை அணுகி, "ஐயா, அந்தச் செல்ஸஸின் நூல் எங்கே கிடைக்கும்?" என அமைதியாக வினவினார். யாம் விடையறியாது நின்றேம். "அந்த நூல் இப்போது இல்லை. எங்கள் ஒரிஜென் எழுதிய மறுப்பிலேதான் அதன் வாக்கியங்கள் இருக்கின்றன. அவர் மறைக்காமல் எழுதிவைத்ததை வைத்துத்தான் தாங்கள் இன்று பேசினீர்கள்" என்று சொல்லி வணங்கிச் சென்றார். பிறர் கொள்கையை அவர் கூறியவாறே நிறுத்திப் பின்னரே மறுத்தல் வேண்டுமென்பதைப் பரபக்கம் பாடங்கேட்டு அறிந்த எமக்கு அச்சொல் சுருக்கென்று தைத்தது. அன்று தொட்டு இவ்வாசிரியர்களை மொழிபெயர்ப்புக்களின் வாயிலாக முறையாகக் கற்கத் தொடங்கினேம்.

ஈண்டுப் புறத்தார் என்றது உரோமப் பேரரசினுள் வழிவழி வந்த தெய்வ வழிபாட்டில் நின்றாரை. இவர்களைக் குறிக்கும் 'பாகானுஸ்' என்னும் இலத்தீன் சொல் நாட்டுப்புறத்தான் என்னும் பொருளது, கி.பி. நான்காம் நூற்றாண்டிற் கிறிஸ்தவர் இவர்க்கு இட்ட பெயர். தம்மை இப்பெயரால் இவர் அழைத்துக்கொண்டதில்லை. ஒருவர்க்கு அவர்தம் மாற்றார் இட்ட பெயரே நிலைத்துவிடுதல் உலகில் அரிதன்று.

இவருள் முதற்கண் வைத்தெண்ணத்தக்கவர் பிளினி. இவர் கி.பி. 110-ஐ அடுத்த ஆண்டுகளிற் கருங்கடலின் தென்கரைக்கண் உள்ள பித்தினியா, பொந்துஸ் என்னும் நாடுகளுக்குத் தேசாதிபதியாக இருந்தவர். ஆங்குக் கிறிஸ்தவரென்று பலர்மேல் முறையீடு வரவே, யாது செய்வதெனத் திராஜன் என்னும் பேரரசற்கு விண்ணப்பம் விடுத்தார். அவ்விண்ணப்பமும் அரசன் விடையும் இன்றும் உள்ளன. கிறிஸ்தவரைப் பற்றி உரோம அதிகாரியொருவர் எழுதியவற்றுள் எமக்குக் கிடைத்த முதற் கடிதம் இதுவே.

பிளினி தம் ஐயங்களை ஒளியாது கூறுகின்றார். இளையோர்க்கும் முதிர்ந்தோர்க்கும் வேறுபாடு உண்டா? மனம் மாறினாரை விடுவிக்கலாமா? பெயர் மாத்திரமே குற்றமா, அன்றி அப்பெயரோடு சேர்ந்த தீச்செயல்கள் குற்றமா? இவை அவர் வினவியவை. வினவுமுன்னரே அவர் செய்துவிட்ட செயலும் அக்கடிதத்தில் உளது. கிறிஸ்தவரோ என மும்முறை கேட்டு, ஆமென்று உறைத்து நின்றாரைக் கொல்லப் பணித்தார். அவருள் உரோமக் குடியுரிமை உடையாரைத் தலைநகர்க்கு அனுப்பினார். அவர் கொண்டது எச்சமயமாயினும் அப்பிடிவாதமே தண்டத்திற்கு உரியது என்பது அவர் கூறும் நியாயம். குற்றம் இன்னதென அறியாமுன் தண்டம் நிகழ்ந்துவிட்டது காண்க.

அதன்பின் கையெழுத்தில்லாத ஓலையொன்று பலர் பெயரைச் சுட்டிவர, அவரையெல்லாம் அழைத்து விசாரித்தார். தெய்வங்களை வாழ்த்தி, அரசன் உருவத்தின் முன்னர்த் தூபமும் மதுவும் படைத்துக் கிறிஸ்துவைப் பழித்தோரை விட்டுவிட்டார். முன்னர்க் கிறிஸ்தவராயிருந்து விலகினேம் என்றாரும் உளர். அவருட் சிலர் விலகி இருபதாண்டு ஆயின என்றனர். அவர் வாயிலாகவே அச்சமயத்தாரின் ஒழுகலாறு வெளிப்பட்டது. குறித்த ஒருநாளில் விடியுமுன் கூடுதல். கிறிஸ்துவைத் தெய்வமெனக் கொண்டு ஒருவர்க்கொருவர் மாற்றிப் பாடுதல். களவு, கொள்ளை, பிறன்மனை நயத்தல், சொற்பிறழ்தல், அடைக்கலப் பொருளை மறுத்தல் என்பன செய்யேம் என்று சூளுறுதல். பின்னர்ப் பிரிந்து மீண்டுங் கூடி உணவு கொள்ளுதல். அவ்வுணவு எல்லாரும் உண்ணும் தீங்கற்ற உணவே என்பதையும் பிளினி எழுத மறந்திலர். இதனை உறுதிப்படுத்தற்பொருட்டு, சபையில் ஊழியஞ்செய்த அடிமைப்பெண்டிர் இருவரை வதைத்து வினவினார். மிகைப்பட்ட மூடக்கொள்கையன்றி வேறொன்றுங் கண்டிலேன் என்பது அவர் முடிபு.

தீச்செயல் ஒன்றுமில்லையெனத் தம் வாயாற் கூறிய அதிகாரி அவரை விடுதலை செய்தாரல்லர். ஆயினும் அவர் கேட்டறிந்ததைத் திரியாது எழுதினார். தம் தீர்ப்புக்கு மாறான சான்றைத் தாமே பதிந்து வைத்தவராகலின், இவர் எழுத்து வரலாற்றுக்குப் பெரும் பயனுடையதாயிற்று. கோயில்கள் வெறிச்சிட்டுக் கிடந்தன, இப்போது மக்கள் மீண்டுஞ் செல்கின்றனர், பலியிட்ட இறைச்சி மீண்டும் விலையாகின்றது என அவர் முடிவிற் கூறுவன நகரத்தின் பொருள்நிலையையும் ஒருவாறு காட்டும். வழக்குகளின் பின்னே இறைச்சி விற்பாரும் இருந்தனர்போலும்.

திராஜனது விடை சிறிது. கிறிஸ்தவரைத் தேடிப் பிடித்தல் வேண்டா. முறையிடப்பட்டுத் தெளியப்படின் தண்டிக்க. தெய்வங்களை வணங்கி மறுப்பாரை மன்னிக்க. பெயரில்லா ஓலையை ஏற்றல் ஆகாது. இவ்விடையைத் தெர்த்துல்லியன் என்னும் கிறிஸ்தவ ஆசிரியர் கி.பி. 197-ல் எழுதிய நூலிற் கடிந்தார். குற்றவாளியாயின் ஏன் தேடலாகாது, குற்றமிலராயின் ஏன் தண்டித்தல் வேண்டும் என்பது அவர் தடை. தருக்கத்தாற் பார்க்குங்கால் அத்தடைக்கு விடையில்லை. அரசியல் நோக்கில், பெருங் கலகம் எழாமற் காக்க நினைத்த அரசன் கொண்ட இடைவழி அது எனலாம்.

இனித் தாசிதுஸ் என்னும் சரித்திர ஆசிரியர். பிளினிக்கு நண்பர். கி.பி. 64-ல் உரோமாபுரி தீப்பற்றி எரிந்தது. நகரின் 14 பகுதிகளுள் நான்கே ஊறின்றித் தப்பின. மூன்று அடியோடு அழிந்தன. நீரோ மன்னனே தீயிடச் செய்தானென்னும் பழிச்சொல் பரவ, அதனை மாற்றுதற்பொருட்டுக் கிறிஸ்தவர்மேல் அவன் குற்றஞ் சுமத்தினான் என்பது தாசிதுஸ் கூற்று. விலங்கின் தோலைப் போர்த்தி நாய்களாற் கிழிப்பித்ததும், சிலுவையில் அறைந்ததும், இரவில் விளக்காக எரித்ததும் அவர் எழுதுகின்றார். கிறிஸ்து, திபேரியுஸ் ஆட்சியிற் பொந்தியு பிலாத்துவாற் கொலையுண்டவர் என்பதையும் அவ்விடத்தே குறிக்கின்றார்.

அவ்வாசிரியர்க்குக் கிறிஸ்தவர்பால் அன்பு சிறிதுமில்லை. கேடு பயக்கும் மூடக்கொள்கையர் எனவும், மக்களினத்தையே வெறுப்பவர் எனவும் அவரை இகழ்கின்றார். ஆயினும் தீயிட்டவர் அவர் என்று தாம் நம்பினதாகக் காட்டிலர். ஒருவன் கொடுமைக்கு இரையாயினார் ஆதலின் அவர்பால் மக்களுக்கு இரக்கம் பிறந்தது என்றும் எழுதினார். இப்பகுதியை இடைச்செருகல் என்பாரும் உளர். அது பொருந்தாது. என்னை? கிறிஸ்தவர் ஒருவர் செருகினாராயின் தம் சமயத்தை இத்துணை இழித்துரைத்துச் செருகுவரோ? மற்று, இதனைக் கிறிஸ்தவ சமயத்தின் உண்மைக்குச் சான்றாகக் காட்டுவாரும் மிகைபடக் கூறுவாராவர். தீ நிகழ்ந்தபோது ஆசிரியர் சிறுவர். எழுதியது ஏறத்தாழ ஐம்பதாண்டு கழித்து. கிறிஸ்தவரிடம் அவர் நேரிற் கேட்டறிந்ததாக யாதுங் காணோம். ஒருவர் கொலையுண்டார், அவர் பெயரால் ஒரு கூட்டம் உண்டு, அக்கூட்டம் கொடிய தண்டம் பெற்றது என்னும் அளவே இதனாற் பெறப்படும்.

ஸுயெதோனியுஸ் என்பார் நீரோ சரிதத்தில் ஒரு வாக்கியம் எழுதினார். கிளவுதியுஸ் சரிதத்தில், கிரெஸ்துஸ் என்பானது தூண்டுதலாற் கலகஞ் செய்த யூதர் நகரினின்றும் துரத்தப்பட்டனர் என்றார். அப்பெயர் கிறிஸ்துவையே குறிக்குமென்பார் பலர். வேறொருவன் பெயரென்பார் சிலர். இதன்மேல் மாடம் எழுப்புதல் நன்றன்று.

கற்றோர் இவ்வாறாகப் பொதுமக்கள் கூறிய பழி இன்னுங் கொடிது. கிறிஸ்தவர் தெய்வமிலிகள், குழந்தையைக் கொன்று தின்பவர், விளக்கை அவித்து முறையின்றிக் கூடுபவர் என்பன அவை. மார்க்குஸ் ஒளரேலியுஸ் மன்னற்கு ஆசிரியராயிருந்த பிரந்தோ என்னும் பேச்சாளரும் கூடாவொழுக்கப் பழியை எடுத்துரைத்தார் என மினுசியுஸ் பெலிக்ஸ் எழுதிய உரையாடல் நூலால் அறிகின்றேம். உருவமும் பலியுங் கொள்ளாமையின் தெய்வமிலிகள் எனப்பட்டனர். உடலும் இரத்தமும் எனப் பெயரிட்டு உணவு கொண்டமையின் ஊன்தின்னிகள் எனப்பட்டனர். ஒருவரையொருவர் உடன்பிறந்தார் என அழைத்தமையின் மூன்றாம் பழி எழுந்தது. தீங்கற்ற உணவே எனப் பிளினி விசாரித்து எழுதி நெடுங்காலஞ் சென்ற பின்னரும், கற்ற ஒருவர் அதனை நாடாது ஊர்ச்சொல்லையே மேற்கொண்டார். இஃது ஒருபுறமிருக்க, நான்காம் நூற்றாண்டில் எபிபானியுஸ் என்னுங் கிறிஸ்தவ ஆசிரியர், தம் சமயத்தினின்று பிரிந்த கிளைகளின்மேல் ஏறத்தாழ இப்பழிகளையே சுமத்தினார்.

எபிக்தெதுஸ், மார்க்குஸ் ஒளரேலியுஸ் என்னும் ஸ்தோயிக்க ஞானிகள் இருவரும் ஒவ்வோரிடத்தில் இவரைத் தொட்டுச் செல்கின்றனர். இவர் இறப்புக்கு அஞ்சாமை வெறும் பழக்கத்தானும் பிடிவாதத்தானும் வந்தது, அறிவான் வந்ததன்று என்பது அவர் கருத்து. மார்க்குஸ் நூலில் அச்சொல் பிற்காலத்துச் செருகலோ என்னும் ஐயமும் அறிஞரிடை உண்டு.

லூசியன் நகையாடும் இயல்பினர். பெரெக்ரீனுஸ் என்னும் வேடதாரியின் சரிதத்தை அவர் எழுதினார்; அவன் கி.பி. 165-ல் ஒலிம்பிய விழாவில் தீப்பாய்ந்து இறந்தவன். அவன் சிலகாலம் கிறிஸ்தவரோடு சேர்ந்து அவர்க்குத் தலைவனாகிச் சிறைப்பட்டபோது, விதவைகளும் அநாதைக் குழந்தைகளும் விடியலிலேயே சிறைவாயிலிற் காத்திருந்தனர். ஆசியா நாட்டு நகரங்களினின்றும் பொருளோடு ஆட்கள் வந்தனர். சபைத் தலைவர் காவலர்க்குக் கைக்கூலி கொடுத்து அவனோடு உள்ளே உறங்கினர். பொருளைப் பொதுவாக வைத்து வாழும் இப்பேதையரை எந்த ஏமாற்றுக்காரனும் எளிதிற் கொள்ளையிடலாம் என லூசியன் நகைக்கின்றார். அவர் நகைத்தற்கு எழுதியதே அக்காலத்து அடியார்கூட்டத்தின் அன்புக்குச் சான்றாய் நின்றது.

காலென் என்னும் மருத்துவ ஆசிரியரை யாம் இவர் எல்லாரினும் உயர்த்திக் கூறுவேம். மோசே, கிறிஸ்து என்பாரைப் பின்பற்றுவோர் ஏது காட்டாது கொள்கையை ஏற்பவர் என அவர் குறைகூறினார். ஆயினும், தாம் சார்ந்த கட்சியை விடாத மருத்துவர்க்கும் தத்துவநூலார்க்கும் புதியதொன்றைக் கற்பித்தலினும் இவர்க்குக் கற்பித்தல் எளிது எனத் தம் இனத்தாரையும் ஒருசேர இடித்தார். அரபு மொழியில் எஞ்சிய அவரது மற்றொரு கூற்று, கிறிஸ்தவர் உவமைக் கதைகளால் நம்பிக்கை பெறுபவராயினும் இறப்பை எண்ணாமையிலும் காமத்தை அடக்குதலிலும் நீதி விழைதலிலும் மெய்யான தத்துவ ஞானியரை ஒப்பர் என்கின்றது. கொள்கை வேறு, ஒழுக்கம் வேறு எனப் பகுத்துக் கொள்கையை மறுத்து ஒழுக்கத்தை ஒப்பும் நேர்மை இவரிடமே முதற்கண் காண்கின்றேம்.

இனிச் செல்ஸஸ். கி.பி. 177-ஐ அடுத்த ஆண்டுகளில் 'மெய்யுரை' என்னும் பொருள்படும் நூலொன்றை இவர் எழுதினார். ஏறத்தாழ எழுபது ஆண்டின் பின், அம்புரோசியுஸ் என்னும் நண்பர் வேண்ட, ஒரிஜென் எட்டுப் புத்தகங்களில் அதனை மறுத்தார். தம்மேற் பொய்ச்சான்று கூறினார்முன் இயேசு வாய்திறவாது நின்றாராகலின் மறுத்தல் தானும் வேண்டுமோ என முன்னுரையில் ஐயுற்றுப் பின்னர் எழுதப் புகுந்தவர் அவர். முதலிற் குறிப்பாக எழுதத் தொடங்கி, பின்னர்ச் செல்ஸஸின் வாக்கியங்களை வரிசையாக எடுத்து நிறுத்தி விடைகூறும் முறையை மேற்கொண்டார். அதனால் மூலநூலின் பெரும்பகுதி பிழைத்தது. செல்ஸஸை எபிக்கூரியர் எனக் கொண்டதில் ஒரிஜென் தவறினார். செல்ஸஸின் சொற்கள் அவரைப் பிளேட்டோவின் வழியினர் எனவே காட்டுகின்றன.

முன்னோர் கேள்வியளவில் நின்றனர். இவரோ கிறிஸ்தவ நூல்களைக் கற்றவர். அச்சமயத்தின் உட்பிரிவுகளையும் அறிந்தவர். நூலின் முற்பகுதியில் யூதனொருவனைப் பேசவைத்து, இயேசுவின் பிறப்பை இழித்தும், அவர் எகிப்தில் மந்திரவித்தை கற்றவரெனவும் கூறுவிக்கின்றார். அவ்யூதன் கிரேக்கக் கதைகளை எடுத்தாள்வதைக் காட்டி, இஃது யூதன் பேசும் பேச்சன்று என ஒரிஜென் மடக்குவது நுண்ணிய நயம். பின்னர்த் தம் வாயாற் பேசும் செல்ஸஸ், சதுப்பைச் சூழ்ந்த தவளைகளும் மூலையிற் கூடிய புழுக்களும் தமக்காகவே உலகம் படைக்கப்பட்டதென வாதிடுதலை ஒப்பர் இவர் என்கின்றார். கம்பளி நெய்வாரும் செருப்புத் தைப்பாரும் வண்ணாருமாகிய கல்லாதார், வீட்டுத்தலைவர்முன் வாய்திறவாது, தனியே குழந்தைகளையும் பெண்டிரையுங் கண்டு போதிக்கின்றனர் என்பது அவர் இகழ்ச்சியிற் பெரிது. அன்று அவையில் யாம் எடுத்தோதியதும் இதனையே. ஏகாலியராகிய திருக்குறிப்புத்தொண்டரையும் சாலியராகிய நேசரையும் நாள்தோறும் வணங்கும் நாவால் அதனைச் சொல்லி நகைப்பித்தேம் என்பதை நினைக்குந்தோறும் நாணம் வருகின்றது.

செல்ஸஸின் வலிமை வேறிடத்தில் உளது. ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் முன்னோர் வழக்கப்படி தெய்வத்தை வழிபடுகின்றனர். நாடுகள் தொடக்கமுதல் வெவ்வேறு காவற்றெய்வங்கட்குப் பகுத்தளிக்கப்பட்டன. ஆகலின் அவ்வழக்கத்தைத் துறத்தல் பிழை. யூதரேனும் தம் முன்னோர் வழி நிற்கின்றனர், கிறிஸ்தவரோ அதனையும் விட்டனர் என்பது அவர் வாதம். இவ்விடத்தில் எம்மனோர் உள்ளம் செல்ஸஸ் பக்கமே சாயும், யாமும் சாய்ந்தேம். ஆயினும் ஒரிஜென் விடுத்த தடை எளிதிற் கழியாது. தாயையும் மகளையும் மணத்தலை ஒப்பும் பாரசீக வழக்கமும், அயலாரைப் பலியிடும் தௌரியர் வழக்கமும் முன்னோர் வழியென்றே போற்றத்தக்கனவோ என்கின்றார். பழமை என்பதொன்றே ஒரு நெறிக்கு அளவையாகாது, வேறு அளவையும் வேண்டும் என்பது இதன் பொருள். செல்ஸஸ் நூலில் இதற்கு விடையில்லை. பழமையையே துணையாகக் கொண்டு வாதிக்கப் புகும் எவரும், எம்மையும் உள்ளிட்டு, இத்தடைக்கு முதலில் விடை தேடிக்கொள்ளல் வேண்டும்.

ஆராயாதே, நம்புக என்பதே கிறிஸ்தவர் மந்திரம் என்றும் செல்ஸஸ் குறைகூறினார். பெரும்பாலார்க்குத் தொழில்செய்து உண்ணுதலன்றி ஆராய ஓய்வில்லை. தத்துவ நூலாரும் ஒரு பள்ளியிற் சேருங்கால் எல்லாப் பள்ளிகளையும் ஆராய்ந்தபின்னரோ சேர்கின்றனர் என ஒரிஜென் விடுத்தார். இவ்விடை பாதி விடையே. நம்பிக்கையாற் புகுந்தார்க்குப் பின்னர் ஆராய்ச்சிக்கு இடமுண்டா என்பதே வினா. ஒரிஜெனைப் போன்றார்க்கு அவ்விடம் இருந்தது. இத்துணை கடிந்த செல்ஸஸ், நூலின் இறுதியில் அரசற்குத் துணைநின்று போரிலும் ஆட்சியிலும் பங்குகொள்ளுமாறு அவரை அழைப்பது வியப்பாம். புழுவென்றாரையே உடன்குடிகள் என அழைக்கவேண்டி நேர்ந்தது.

போர்பிரி, தீருநகரிற் பிறந்து பிளோதீனுஸுக்கு மாணாக்கராயவர். 15 புத்தகங்களிற் கிறிஸ்தவரை மறுத்தார். நூலாராய்ச்சியில் இவர்க்கு ஒப்பாரில்லை. தானியேல் என்னும் ஆகமம் பாபிலோன் சிறைக்காலத்தில் எழுந்த தீர்க்கதரிசனமன்று, கி.மு. இரண்டாம் நூற்றாண்டில் அந்தியோக்கு எபிபானெஸ் யூதரைத் துன்புறுத்திய காலத்தில் எழுதப்பட்டது. அக்காலம் வரையுள்ளவை சரித்திரத்தோடு பொருந்த, மேல்வருவன பொருந்தாமையே சான்று என நிறுவினார். ஜெரோம் இதனைத் தம் உரையில் எடுத்து மறுத்தமையின் அறிகின்றேம். இக்காலத்து விவிலிய ஆராய்ச்சியாளருள் மிகப் பலர், கிறிஸ்தவரும் உள்ளிட்டு, போர்பிரியின் முடிபையே கொள்கின்றனர். வசையின்றி ஏதுவால் நின்றமையின் அவர் சொல் ஆயிரத்தைந்நூறு ஆண்டு கடந்தும் நின்றது. அவர் நூலோ நிற்கவில்லை. கான்ஸ்தந்தீன் அதனை அழிக்கப் பணித்தார், கி.பி. 448-ல் இரண்டாந் தியோதோசியுஸ் மீண்டும் எரிக்க ஆணையிட்டார். மெதோதியுஸ், யூசேபியுஸ், அப்பொல்லினாரிஸ் என்பார் எழுதிய மறுப்புக்களும் பின்னர் இறந்துபட்டன. கண்டனமுமில்லை, மறுப்புமில்லை; ஜெரோம் முதலியோர் இடையிடையே எடுத்தவையே எஞ்சின.

ஈற்றில் நிற்பவர் ஜூலியன் மன்னர். கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டுப் பழைய வழிபாட்டுக்கு மீண்டவர், கி.பி. 361 முதல் 363 வரை ஆண்டவர். அந்தியோக்கியாவில் இருந்தபோது கலிலேயரை மறுத்து நூல் எழுதினார். கிறிஸ்தவ ஆசிரியர் பழைய கிரேக்க இலக்கியங்களைக் கற்பித்தலாகாதென கி.பி. 362-ல் அவர் செய்த சட்டத்தை, அவரைப் பெரிதும் போற்றிய அம்மியானுஸ் என்னும் புறத்தாராகிய சரித்திர ஆசிரியரே கொடிதென்று கண்டித்தார். அக்கண்டனம் அம்மியானுஸின் பெருமைக்கு ஏற்றது.

ஜூலியன் கலாத்தியா நாட்டுத் தலைமைக் குருவாகிய அர்சாசியுஸுக்கு எழுதியதாக ஒரு கடிதம் உண்டு. அது பிற்காலத்தார் புனைந்ததென்பாரும் சிலர் உளர். அயலார்க்கு அன்பு செய்தலும் இறந்தாரை அடக்கஞ்செய்தலுமே கலிலேயர் பெருகுதற்கு ஏதுவென்றும், அவர் தம் ஏழைகளையன்றி நம் ஏழைகளையும் புரக்க, நம்மவர் நம்மவர்க்கு உதவாமை நாணத்தக்கதென்றும் அதில் எழுதி, ஊர்தோறும் அறச்சாலை அமைக்குமாறு பணித்து, அதற்கு ஆண்டுதோறும் 30,000 மோதியு அளவு தானியம் ஒதுக்குகின்றார். கண்டன நூலில் அவர் எழுதியவை பலவும் செல்ஸஸும் போர்பிரியுங் கூறியவையே. இக்கடிதத்திற் கூறியதை அவ்விருவருங் கூறிலர்.

அவர் கண்டன நூலும் தனியே கிடைக்கவில்லை. அலெக்ஸாந்திரியா நகர்ச் சிரில், ஐந்தாம் நூற்றாண்டில் எழுதிய மறுப்பின் முதற் பத்துப் புத்தகங்கள் முழுமையாக உள்ளன. அவற்றுள் ஜூலியன் எழுதிய முதற் புத்தகத்தின் பகுதிகளைக் காணலாம். எஞ்சியவற்றுக்குச் சிதறிய துணுக்குகளே உள. செல்ஸஸைக் கற்க விழைவார் ஒரிஜெனது மறுப்பை முதலினின்றே, இருவர் சொல்லும் கலந்து நிற்கும் நிலையிலேயே படித்தல் நன்று. செல்ஸஸ் வாக்கியங்களைப் பிரித்தெடுத்துத் தனியே அச்சிட்ட பதிப்புக்களும் உள்ளன. எம்மிடமிருந்த சிறு புத்தகம் அத்தகையதே. அதில் ஒரிஜெனது பெயரும் இல்லை.